பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனை: அறிக்கை கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டுப் பீரோவில் தோட்டத்துப் பத்திரங்கள் இருக்கும் தட்டிலேயே எனது மரபணுப் பரிசோதனை அறிக்கையும் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. ஆறு பக்கங்களில் எனக்குத் தேவையானது முதல் பக்கத்தில் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் ஒரே வரிதான்: பிஆர்சிஏ1 மரபணுவில் நோய் விளைவிக்கும் மாற்றம் காணப்படுகிறது. மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம் அது. நிலம் வாங்கியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பத்திரம் பதிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. பட்டா மாற்ற வேண்டும், அவ்வப்போது வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும், வரி கட்ட வேண்டும், பங்காளிகளிடம் பேச வேண்டும். இந்த அறிக்கையையும் அப்படித்தான் வைத்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது என்பதை எனக்கு யாரும் தொடக்கத்தில் சொல்லவில்லை. ஆகவே, பரிசோதனைக்குப் பிந்தைய ஆண்டுகளை எப்படி நடத்திச் செல்வது என்பதையே இங்கு எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லள். மருந்தும் அறுவையும் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

முதலில் ஒரு காகிதத்தில் குடும்பத்தை வரையுங்கள்

பரிசோதனையை இன்னும் செய்துகொள்ளாதவர்களும், செய்துகொண்டு பல ஆண்டுகள் ஆனவர்களும் இதைச் செய்ய வேண்டும். மூன்று தலைமுறை போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவருக்கு உள்ளே கரிக்கோடு. பக்கத்தில் எந்த உறுப்பு, எந்த வயதில் என்ற குறிப்பு.

கொங்கு நாட்டில் இந்த வரைபடம் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். கூட்டத்தை, அதாவது குலத்தை, நாம் தந்தை வழியில் எண்ணுகிறோம். அதனால் தந்தையின் பங்காளிகளில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதே வீட்டில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் எப்படி இறந்தார்கள் என்று தெரியாது. அம்மா வழியில் அம்மிச்சியோடு (அம்மாவின் அம்மா) கணக்கு நின்றுவிடும். மருத்துவமனைகளிலோ இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. நான் முதன்முதலில் சென்ற மருத்துவமனையில், “அம்மாவுக்கு இருந்ததா, அம்மாவோடு பிறந்தவர்களுக்கு இருந்ததா?” என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றதும், பரிசோதனை தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மார்பகமும் சினைப்பையும் பெண்ணுக்கு உரியவை என்பதால் அவற்றின் மரபணுக் கோளாறும் தாய் வழியில்தான் வரும் என்பது பரவலான தவறான எண்ணம். பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமிலும், பிஆர்சிஏ2 13ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. இவை பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் அல்ல. தாயிடம் இருந்தாலும் தந்தையிடம் இருந்தாலும், ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, அது வந்து சேர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

எனக்கு வந்தது தந்தை வழியில். அதைக் கண்டுபிடித்தது ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்த குடும்பப் படத்தில். காங்கேயத்துக்கு அருகில் இருக்கும் சின்ன அப்பத்தாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் கேன்சர் வந்திருக்குதுங்களா, அப்பத்தா?” என்று கேட்டபோது, அப்படியெல்லாம் யாருக்கும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். நோயின் பெயரை விட்டுவிட்டு அறிகுறியைக் கேட்டேன்: வயிறு வீங்கி யாராவது போனார்களா? அவர் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார். “எங்கக்கா அப்படித்தானே போச்சு, அம்மிணி. வயித்துல நீர் கோத்துக்கிட்டு, எடுக்க எடுக்க ஊறிக்கிட்டே இருந்துச்சு. அம்பது வயசுகூட ஆகலே.” அவர் சொன்ன அக்கா என் அப்பத்தா. அது சினைப்பைப் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று பின்னர் மரபணு ஆலோசகர் சொன்னார். ஆகவே கேட்கும்போது ‘கேன்சர்’ என்று கேட்காமல், ‘வயிற்றில் நீர் கோத்தல்’, ‘மாரில் கட்டி, ஆறாத புண்’, ‘கர்ப்பப்பைக் கட்டி’, ‘சின்ன வயதில் போனவர்கள்’ என்று கேளுங்கள். குலதெய்வக் கோவிலில் பொங்கல் வைக்கும் நாளைவிட இதற்குப் பொருத்தமான நாள் இல்லை. வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைகளையும் கட்டாயம் அழைத்துக் கேட்க வேண்டும்.

வரைபடத்தில் எவை கவனத்திற்கு உரியவை? 50 வயதுக்குள் வந்த மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் இல்லாத, ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ எனப்படும் வகை, எந்த வயதிலும் வந்த சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய், கணையப் புற்றுநோய், பரவிய நிலையில் கண்ட புராஸ்டேட் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே இவ்வாறு பரம்பரையாக வருபவை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனையே தேவைப்படாது.

முடிந்தால், நோய் வந்து உயிரோடு இருப்பவரைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து பிழைத்த அத்தைக்கு முதலில் செய்தோம். அவரிடம் எந்த இடத்தில் மாற்றம் இருக்கிறது என்று தெரிந்த பின், எனக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தார்கள். செலவும் மிகக் குறைந்தது, விடையும் ஐயத்துக்கு இடமின்றி வந்தது. நோய் வராத ஒருவரை மட்டும் பரிசோதித்து ‘இல்லை’ என்று வந்தால், குடும்பத்தில் ஓடும் மாற்றம் அவருக்கு வரவில்லையா, அல்லது அந்தப் பரிசோதனையால் பிடிக்க முடியாத ஒன்றா என்று சொல்ல முடியாமல் போகும்.

அறிக்கையை வாசிப்பது

அறிக்கை மூன்று விதமாக வரலாம். நோய் விளைவிக்கும் மாற்றம், அல்லது அப்படி இருக்கக்கூடியது என்று வந்தால் நடவடிக்கை உண்டு. மாற்றம் இல்லை என்று வந்து, அது குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறியப்பட்ட மாற்றத்துக்கான விடையாக இருந்தால், உங்கள் அபாயம் பொதுவான பெண்களுடையதே. உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் வழியாக அது போகாது.

மூன்றாவது விடையே பல ஆண்டுகள் தொல்லை தருவது. ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது தீங்கானதா என்று இப்போது சொல்ல இயலாது என்பதே அதன் பொருள். ஆங்கிலச் சுருக்கத்தில் வியூஎஸ் என்பார்கள். உலகின் மரபணுத் தரவுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரிடமிருந்து திரட்டப்பட்டவை என்பதால், நம் மக்களுக்கு இந்த விடை கூடுதலாகவே வருகிறது. இதை வைத்து அறுவை செய்துகொள்ளக் கூடாது. உறவினர்களைப் பரிசோதனைக்கு அழைக்கவும் தேவையில்லை. என் தோழி ஒருவருக்கு இந்த விடை வந்தபோது, அதைப் ‘பாசிட்டிவ்’ என்று படித்த ஒரு மருத்துவர் சினைப்பையை எடுக்க நாள் குறித்துவிட்டார். வேறொரு ஊரில் மரபணு ஆலோசகரிடம் காட்டிய பிறகே அது நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த மாற்றம் தீங்கற்றது என்று ஆய்வகமே திருத்திய அறிக்கை அனுப்பியது. இவ்வாறு மறுவகைப்படுத்தப்படும் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கத்துக்கே போகின்றன. சிறுபான்மை எதிர்ப்பக்கமும் போகும் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை எண்ணைக் குறிப்பிட்டு ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போன்ற வேலைதான். செல்பேசி எண்ணையோ முகவரியையோ மாற்றினால் ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள். திருத்தம் வந்தும் பழைய எண்ணுக்குப் போய்த் திரும்பினால் பயனில்லை.

பழைய ‘இல்லை’களையும் ஒருமுறை தூசி தட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கக் காலப் பரிசோதனைகள் பல, மரபணுவின் ஒரு பெரும் பகுதியே விடுபட்டுப் போயிருப்பதையோ இரட்டித்திருப்பதையோ பார்க்கவில்லை. பிஏஎல்பி2, சிஎச்இகே2, ஏடிஎம், டிபி53 போன்ற பிற மரபணுக்களையும் சேர்க்கவில்லை. குடும்பத்தில் நோய் தெளிவாக இருந்தும் பல ஆண்டுகளுக்கு முன் ‘இல்லை’ என்று வந்தவர்கள், இன்றைய விரிந்த பரிசோதனை தேவையா என்று ஆலோசகரிடம் கேட்கலாம். மற்றொன்று: கட்டியின் திசுவில் செய்த பரிசோதனையில் பிஆர்சிஏ மாற்றம் தெரிந்தால், அது பிறவியிலேயே உடல் முழுவதும் இருப்பது என்று பொருளாகாது. இரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்து உறுதிப்படுத்திய பிறகே குடும்பத்தைக் கூப்பிட வேண்டும்.

விழுக்காட்டை எப்படி எடுத்துக்கொள்வது

2017இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின்படி, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய் 44 விழுக்காடு. பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு முறையே 69, 17. இந்த எண்களைக் கேட்டதும் பலர் நாளையே வந்துவிடும் என்று அஞ்சிவிடுகிறார்கள். நானும் அஞ்சினேன். இவை 80 வயது வரை கூட்டிய கணக்கு. அடுத்த ஐந்து ஆண்டில் உங்களுக்கு என்ன வாய்ப்பு என்பது வேறு எண், அது இதைவிட மிகச் சிறியது. “என் வயதில், அடுத்த ஐந்து ஆண்டில், பத்து ஆண்டில் எவ்வளவு?” என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அந்த விடைதான் முடிவெடுக்கப் பயன்படும். மேலும், இந்த எண்கள் பிஆர்சிஏவுக்கு உரியவை. சிஎச்இகே2 போன்றவற்றில் அபாயம் கணிசமாகக் குறைவு, சினைப்பையை எடுக்கும் பேச்சே அங்கு எழாது. உங்கள் மரபணுவின் பெயரைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரரின் சிகிச்சையைப் பின்பற்றாதீர்கள்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

பிஆர்சிஏ மாற்றம் உள்ள பெண்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறை இது: 25 வயதிலிருந்து ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் கையால் மார்பகப் பரிசோதனையும், ஆண்டுக்கொரு முறை மார்பக எம்.ஆர்.ஐ.யும், 30 வயதிலிருந்து எம்.ஆர்.ஐ.யோடு மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரேயும். இவ்விரண்டையும் ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நடைமுறையில் எளிது. நான் தைப்பொங்கல் நோம்பி கழிந்த வாரத்தில் மேமோகிராமும், ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் எம்.ஆர்.ஐ.யும் என்று வைத்திருக்கிறேன். தேதியை மறந்தாலும் நோம்பியை மறக்க மாட்டோம். மாதவிடாய் வருபவர்கள், எம்.ஆர்.ஐ.யை மாதவிடாய் தொடங்கிய 7ஆம் நாளுக்கும் 15ஆம் நாளுக்கும் இடையில் வைக்கக் கேளுங்கள். மற்ற நாள்களில் சாதாரணத் திசுவும் பளிச்சென்று தெரிந்து தேவையற்ற அச்சத்தைக் கிளப்பும். பழைய படங்களின் குறுந்தகட்டை ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரே மையத்தில் தொடர்ந்து எடுப்பதும் நல்லது, ஏனெனில் சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிடுவதில்தான் இந்தக் கண்காணிப்பின் பயனே இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. நுணுக்கமானது என்பதால், புற்று அல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்டி மீண்டும் ஸ்கேன், பயாப்ஸி (திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது) என்று இழுக்கவும் செய்யும். பத்து ஆண்டில் ஒருமுறையாவது இது நடக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது. எனக்கு இரண்டு முறை நடந்தது, இரண்டும் ஒன்றுமில்லை. இரண்டாம் முறை கோவையிலிருந்து கோபிக்குப் பேருந்தில் திரும்பும்போது, முடிவு வர ஐந்து நாளாகும் என்பதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்றே அவிநாசி வரை யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லிவிட்டேன்.

சினைப்பைக்கு இப்படிப்பட்ட நம்பகமான கண்காணிப்பு இல்லை. சிஏ125 இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தொடர்ந்து செய்தால் உயிரிழப்பு குறையுமா என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு, குறையவில்லை என்று 2021இல் முடிவு சொன்னது. அது பொதுவான பெண்களிடம் செய்தது என்றாலும், “ஸ்கேன் நல்லா இருக்குதுங்க, அதனால எடுக்க வேண்டியதில்லை” என்று தள்ளிப்போடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சினைப்பையை எடுத்தவர்களுக்கு

எனக்கு 39 வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்தார்கள். பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 40 முதல் 45க்குள்ளும், குழந்தைப் பேறு முடிந்த பின் இதைப் பரிந்துரைக்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோயின் வாய்ப்பை இது ஏறத்தாழ 80 விழுக்காடு குறைக்கிறது. மீதி ஏன் இருக்கிறது என்றால், வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் வயிற்றுறையில் அரிதாக அதே வகைப் புற்று தோன்றலாம். குழாயை மட்டும் முதலில் எடுத்துவிட்டுச் சினைப்பையைப் பின்னால் எடுக்கும் முறை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

அறுவைக்கு முன் இரண்டு செய்தியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, எடுத்த கருக்குழாய்களை முழுவதுமாக மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்களா என்பது. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது, வெளியில் தெரியாத ஒன்று அங்கே ஒளிந்திருக்கலாம். திசு அனுப்பும் படிவத்தில் பிஆர்சிஏ என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்கள் தொடர்பானது. நம் பக்கம், “எல்லாம் எடுத்தாச்சுங்க, இனி என்ன வரும்?” என்று சொல்லும் பெண்கள் பலர். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பார்த்தால் கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருப்பார்கள், சினைப்பைகள் இரண்டும் உள்ளேயே இருக்கும். அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் ஒரு ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு வருவது மாதவிடாய் நிறுத்தம். இயல்பாக வந்தால் சில ஆண்டுகளில் படிப்படியாக இறங்கும் படியை, இங்கே ஒரே நாளில் குதித்து இறங்குகிறோம். மார்கழிக் குளிரில் வீட்டுக்காரர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ள, நான் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு நனைந்த ரவிக்கையோடு உட்கார்ந்திருந்த இரவுகள் ஓர் ஆண்டுக்கு மேல் நீண்டன. தூக்கம் கெட்டது. பெண்ணுறுப்பில் வறட்சி ஏற்பட்டது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஓர் ஆண்டைத் தேவையின்றி வீணாக்கினேன், அதற்கு எளிய மருந்துகள் இருக்கின்றன. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது, பல மாத மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

மார்பகப் புற்றுநோய் வராதவர்கள், இயல்பான மாதவிடாய் நிறுத்த வயதான ஏறக்குறைய 50 வரை ஹார்மோன் ஈட்டு மருந்து எடுத்துக்கொள்வது பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். ஹார்மோன் என்றதும் அஞ்சி அதை மறுத்துவிடுபவர்கள், பின்னாளில் எலும்பையும் இதயத்தையும் விலையாகக் கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனை அறுவையை ஒட்டி ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் செய்ய வேண்டும். ராகிக் களியும் கம்பங்கூழும் நல்லவைதாம்; ஆனால் வைட்டமின் டியை இரத்தத்தில் அளந்து பார்க்காமல், ‘தோட்டத்து வெயிலில்தானே இருக்கிறேன்’ என்று விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். புற்றுநோய் மருத்துவர் இவற்றைக் கேட்க மாட்டார். குடும்ப மருத்துவருக்கோ பிஆர்சிஏ பற்றித் தெரியாமல் இருக்கலாம். இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுவது நம் எலும்புதான்.

மார்பகங்களை முன்கூட்டியே எடுத்துவிடும் அறுவை, அந்தப் புற்றுநோயின் வாய்ப்பை 90 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைக்கிறது. அதை நான் செய்துகொள்ளவில்லை. மார்பகத்துக்கு எம்.ஆர்.ஐ. என்ற நல்ல காவல் இருப்பதால், இது சினைப்பை அறுவையைப் போல வற்புறுத்தப்படுவதில்லை; அவரவர் மனத்தைப் பொறுத்த முடிவு. நெஞ்சில் தொடு உணர்வு பெரும்பாலும் போய்விடும் என்பதையும், செயற்கை உறுப்பு வைத்தால் பின்னாளில் மாற்ற நேரலாம் என்பதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே ஒரு மார்பகத்தில் புற்றுநோய் வந்தவர்களின் கணக்கு வேறு: மேலே சொன்ன 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்வில், 20 ஆண்டுகளில் மறு மார்பகத்தில் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 40, பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 26 விழுக்காடு. இவர்களுக்கு அறிக்கை மற்றொரு வகையிலும் பயன்படும். ஓலாபாரிப் போன்ற மருந்துகள் பிஆர்சிஏ மாற்றம் உள்ளவர்களுக்கே குறிப்பாகப் பலன் தருபவை, ஆகவே எந்தப் புற்றுநோய் மருத்துவரிடம் போனாலும் அறிக்கையைக் காட்டுங்கள்.

உறவும் சம்பந்தமும்

அறிக்கை ஒருவர் பெயரில் இருந்தாலும் செய்தி குடும்பத்துக்கு உரியது. யாருக்குச் சொல்வது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது: உடன்பிறந்தவர்கள், பெற்றோர், வயது வந்த பிள்ளைகள், அதன்பின் அந்த மாற்றம் வந்த வழியில் உள்ள அத்தை, சித்தப்பா, அவர்களின் பிள்ளைகள். தொலைபேசியில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி ஊர்ப்பேச்சாகும். மரபணுவின் பெயர், எழுத்தும் எண்ணும் கலந்த அந்த மாற்றத்தின் குறிப்பு, எங்கே ஆலோசனை பெறலாம் என்பவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, அறிக்கையின் நகலோடு கொடுங்கள். குறிப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஆய்வகம் வேறோர் இடத்தைத் தேடும் என்பதால், கையால் எழுதாமல் நகல் எடுப்பதே பாதுகாப்பு. வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவரை வற்புறுத்தாதீர்கள்; தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு.

ஆண்களை விட்டுவிடக் கூடாது. என் தந்தை எழுபது கடந்து நலமாக இருக்கிறார். மாற்றம் அவர் வழியாகத்தான் எனக்கு வந்தது. பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயின் வாய்ப்பு கூடுதல் என்பதால், 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மார்பில் கட்டி தென்பட்டால் ஆணும் காட்ட வேண்டும்.

முறைமாப்பிள்ளை, முறைப்பெண் சம்பந்தம் பேசும் குடும்பங்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே பாட்டியிடமிருந்து அதே மாற்றத்தைப் பெற்றிருக்கலாம். பிஆர்சிஏ2 அல்லது பிஏஎல்பி2 மாற்றம் இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி இரத்தசோகை என்ற, சிறு வயதிலேயே எலும்பு மஜ்ஜையைப் பாதித்துப் புற்றுநோயும் வரவழைக்கும் கடுமையான நோய் வரலாம். ஆகவே உறவுக்குள் சம்பந்தம் பேசும்போது, அந்த இருவரும் வயது வந்தவர்களாக, தாங்களே விரும்பி, பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை.

அந்நியத்தில் பெண் கொடுக்கும்போது சொல்ல வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தனியே பேசிக்கொள்ளும்போது, உறுதி வார்த்தைக்கு முன், அவளே சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. ஊருக்கும் தரகருக்கும் சொல்லத் தேவையில்லை. மாற்றம் இருப்பது நோய் இருப்பது அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. அந்த வயதில் அதனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

காப்பீடு

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். மரபுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி இழப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அவ்வாறு மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆகவே மருத்துவக் காப்பீட்டைக் கூடியவரை பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பின்னர் எடுப்பதானால், படிவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை எழுதுங்கள். மறைத்து எழுதிய பாலிசி தேவையான நாளில் கைகொடுக்காது. நோய் வருமுன் செய்யும் அறுவைக்குப் பணம் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை வாங்குங்கள்.

மனம்

முடிவு வந்த முதல் சில மாதங்களில் கலக்கம் கூடும், பெரும்பாலோருக்கு ஓர் ஆண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. அது மீண்டும் தலைதூக்கும் நேரங்கள் உண்டு: தாயோ அத்தையோ நோயுற்ற வயதை நாம் எட்டும்போது, மகள் பெரியவளாகும்போது, ஸ்கேனுக்கு முந்திய வாரம். மாற்றம் இல்லாதவர்களும் இதில் தப்புவதில்லை. என் தங்கைக்கு ‘இல்லை’ என்று வந்த அன்று அவள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தனக்கு வராதது ஏதோ எனக்குச் செய்த துரோகம் போலப் பட்டதாம். இது பலருக்கு நேர்வது. அவளையும் ஆலோசகரிடம் ஒருமுறை அழைத்துச் சென்றது பயன் தந்தது.

ஆலோசனைக்கு எங்கே போவது என்றால், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மரபியல் துறை இருக்கிறது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும் நமக்கு எட்டும் தொலைவில்தான். கோவையின் பெரிய மருத்துவமனைகளில் மரபணு ஆலோசகர் வரும் நாளை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். அலைச்சல் மிச்சம்.

கடைசியாக அந்தக் கோப்பு. முதல் தாளில் அறிக்கையின் நகல். அடுத்து குடும்ப வரைபடம், ஒவ்வொரு நோம்பிக்கும் ஒருமுறை திருத்தியது. பிறகு ஆண்டு வாரியாக ஸ்கேன் முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, திசுப் பரிசோதனை அறிக்கை, டெக்ஸா. இவற்றின் படங்களைச் செல்பேசியிலும் வையுங்கள், ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மேலட்டையின் உட்புறத்தில், எனக்குப் பிறகு இதை யார் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். என் அண்ணன் மகளுக்கு இப்போது பதினேழு வயது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைந்த அந்த முதல் படத்தில் அவளுக்கான வட்டத்தின் உள்ளே எதுவும் எழுதவில்லை. எழுதுவதா வேண்டாமா என்பதை, வயது வந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்.